காரில் ஒரு பயணம்: தீம் பார்க்குக்கு ஒரு நாள், தெருக்களுக்கு ஒரு காலை

கார் பயணத்தில் தீம் பார்க்கைச் சேர்த்துக்கொள்ளும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். காலையில் 300 கி.மீ. ஓட்டி வந்து, மதியம் பூங்காவுக்குள் நுழைந்து, இரவு மூடும்வரை இருந்துவிட்டு, அப்படியே அடுத்த ஊருக்குக் கிளம்புகிறார்கள். நாள் மிச்சமானது போலத் தோன்றும். ஆனால் பூங்காவில் கூட்டமில்லாத முதல் இரண்டு மணி நேரம் சாலையிலேயே போயிருக்கும். அதைவிட மோசம், இரவில் ஸ்டீயரிங் பிடிப்பவரின் நிலை. காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 11 மணியோடு 17 மணி நேர விழிப்பு ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் ஒருவரின் கவனமும் கைகால் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்கு மந்தமாகிவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் ரத்தத்தில் அந்த அளவுக்கு மேல் ஆல்கஹாலோடு வண்டி ஓட்டினாலே குற்றம்.

எனவே முதலில் நாட்களைப் பிரித்துவிடுங்கள். முதல் நாள் ஓட்டி வந்து, மாலை 4 அல்லது 5 மணிக்குள் தங்குமிடம் சேருங்கள். இரண்டாம் நாள் முழுக்கப் பூங்கா. அன்று இரவும் அதே ஊரில்தான் தூக்கம். மூன்றாம் நாள் காலை 7 மணியிலிருந்து 10 மணிவரை பக்கத்து வட்டாரத்தில் நடை, 11 மணிக்குள் கிளம்பிவிடலாம். இந்த மூன்றாம் நாள் காலையைத்தான் பலரும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். முந்தின நாள் குலுங்கிய உடம்பு சாலைக்குத் தயாராவது அந்த நடையில்தான். வந்த ஊர் எப்படிப்பட்டது என்று தெரிவதும் அப்போதுதான். பூங்காவின் மதில் சுவருக்குள் ஊர் தெரியாது.

பூங்கா எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள்

பொழுதுபோக்குப் பூங்காக்களை இடத்தை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம்: ஊருக்குள் இருப்பவை, நெடுஞ்சாலை ஓரத்தில் இருப்பவை. திட்டமே இதைப் பொறுத்து மாறும்.

பழைய பூங்காக்கள் பெரும்பாலும் முதல் வகை. கோபன்ஹேகனின் டிவோலி 1843இல் திறந்தது. இன்று அது நகரின் மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. வியன்னாவின் பிராட்டர் அரச வேட்டைக்காடாக இருந்தது. 1766இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது, அங்குள்ள ராட்சத ராட்டினம் 1897இல் வந்தது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டிராம் கம்பெனிகளே பூங்கா கட்டின. வேலை நாளில் டிராம் நிரம்பும், வார இறுதியில் காலியாக ஓடும். அதனால் தடத்தின் கடைசியில் ராட்டினமும் நடன மண்டபமும் வைத்து மக்களை இழுத்தார்கள். பிட்ஸ்பர்க் அருகே 1898இல் தொடங்கிய கென்னிவுட் அப்படிப் பிறந்ததுதான். இத்தகைய பூங்காவைச் சுற்றி நடந்து பார்க்கத்தக்க தெருக்கள் தாமாகவே இருக்கும். காரைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு ரயிலிலோ பஸ்ஸிலோ போவதே இங்கே உத்தமம்; பார்க்கிங்தான் இந்தப் பூங்காக்களின் பலவீனம்.

1955இல் திறந்த டிஸ்னிலேண்ட் இரண்டாவது வகைக்கு முன்னோடி. ஆரஞ்சுத் தோப்புகளை அழித்து, புதிய நெடுஞ்சாலையை நம்பி, பிரம்மாண்டமான கார் நிறுத்துமிடத்தோடு அது கட்டப்பட்டது. இந்த வகைப் பூங்காவின் வாசலில் ஓட்டல்களும் பெட்ரோல் பங்குகளும் இருக்கும், வட்டாரம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அப்படியானால் தங்குமிடத்தைப் பூங்கா வாசலில் எடுக்காமல், 15 அல்லது 20 கி.மீ. தள்ளியுள்ள பழைய ஊர்ப்பகுதியில் எடுங்கள். காலையில் அரை மணி நேரம் கூடுதலாக ஓட்ட வேண்டியிருக்கும். ஆனால் மூன்றாம் நாள் நடை தங்குமிடத்தின் வாசலிலிருந்தே தொடங்கும்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்

பூங்கா திறந்திருக்கும் தேதிகளை முதலில் பாருங்கள். பல பூங்காக்கள் பருவகாலத்தில் மட்டும் இயங்கும், சில வார நாட்களில் மூடியிருக்கும். அடுத்ததாக, நீங்கள் போகும் இடத்தின் பள்ளி விடுமுறை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு விடுமுறை முடிந்திருக்கலாம், அங்கே அன்றுதான் தொடங்கியிருக்கும். ஒரு வாரம் தள்ளிப்போட்டாலே வரிசை பாதியாகலாம். பராமரிப்புக்காக மூடியுள்ள ரைடுகளின் பட்டியலைப் பெரும்பாலான பூங்காக்கள் வெளியிடுகின்றன. நீங்கள் எதற்காகப் போகிறீர்களோ அந்த ரோலர் கோஸ்டர் அந்தப் பட்டியலில் இல்லை என்று உறுதி செய்யாமல் பணம் கட்டாதீர்கள்.

விதிமுறைகளில் நான்கு விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: மழை பெய்தால் பணமோ வேறு நாளோ கிடைக்குமா, வெளியே போய்த் திரும்பி வரலாமா, சாப்பாடு கொண்டுவரலாமா, பார்க்கிங் கட்டணம் தனியா. இரண்டாவது கேள்வி கார்க்காரர்களுக்கு முக்கியம். திரும்பி வரலாம் என்றால் மாற்று உடையையும் மதியச் சாப்பாட்டையும் டிக்கியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போகலாம்.

குழந்தைகளின் உயரத்தை வீட்டிலேயே, அன்று போடப்போகும் செருப்போடு அளந்துகொள்ளுங்கள். பெரிய ரைடுகளில் 122 செ.மீ., 137 செ.மீ. என்ற இரண்டு வரம்புகள் அடிக்கடி வரும். இருக்கையின் தடுப்புக் கம்பி உடம்பைச் சரியாகப் பிடிக்கும் அளவை வைத்துத்தான் இந்த வரம்பு. அதனால் ஒரு செ.மீ. குறைந்தாலும் ஊழியர் விடமாட்டார், விடவும் கூடாது. ஏற முடியாத ரைடு எது என்று குழந்தையிடம் முந்தின இரவே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் நின்றபின் வாசலில் திருப்பி அனுப்பினால் வரும் அழுகை அந்த நாளையே கெடுத்துவிடும்.

வண்டி

கிளம்பும் முன் டயர்க் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சில கி.மீ. ஓடினாலே டயர் சூடாகி அளவு கூடுதலாகக் காட்டும்; அதை நம்பிக் காற்றைக் குறைத்தால் மறுநாள் காலை டயர் தளர்ந்திருக்கும். சரியான அளவு ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியுள்ள தாளில் இருக்கும்; ஆட்களும் சாமானும் நிறைந்திருக்கும்போது வேண்டிய அளவு பல வண்டிகளில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். ஜாக்கியும் சாமான் குவியலுக்கு அடியில் போய்விடக் கூடாது.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் நிறுத்துங்கள். பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணிவரையும், நள்ளிரவிலிருந்து காலை 6 மணிவரையும் உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். கண் சொக்கினால் ஜன்னலைத் திறப்பதாலோ பாட்டைக் கூட்டுவதாலோ பயனில்லை. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 15 அல்லது 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும் என்பதால், விழிக்கும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும்.

பூங்கா நாள்

கதவு திறப்பதற்கு 45 நிமிடம் முன்பாக வண்டி நிறுத்துமிடத்தில் இருங்கள். இறங்கியதும் தூண் எண்ணையோ வரிசைப் பலகையையோ போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் அன்றைய உடையில் ஒரு போட்டோ. காணாமல் போனால் அடையாளம் சொல்ல அதுதான் உதவும். மணிக்கட்டில் பேனாவால் உங்கள் போன் எண்ணை எழுதுங்கள். தொலைந்தால் யூனிஃபார்ம் போட்டவரிடம் போய் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

கார் சாவியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ரோலர் கோஸ்டரில் பாக்கெட்டிலிருந்து விழும் சாமான், வேலி போட்ட தடைப்பகுதிக்குள் விழும். பூங்கா மூடும்வரை யாரும் அங்கே போக முடியாது. தண்ணீர் ரைடில் நனைந்தால் ரிமோட் சாவி செத்துவிடலாம். எனவே சாவி ரைடு ஏறாதவரிடம் அல்லது லாக்கரில். மாற்றுச் சாவி இருந்தால் அது வேறொருவரிடம். ஜிப் வைத்த பாக்கெட்டும் இரண்டாம்பட்சம்தான்.

வெயிலில் மூடிய காருக்குள் 10 நிமிடத்திலேயே வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். குழந்தையையோ நாயையோ ஒரு நிமிடம்கூட விட்டுப்போகக் கூடாது. மருந்து, பவர் பேங்க் இரண்டையும் காரில் வைக்காதீர்கள்.

கதவு திறந்ததும் எல்லோரும் கண்ணில் படும் முதல் ரைடில் நிற்பார்கள். நீங்கள் நிற்க வேண்டியது, பெயர் பெரிது, ஆனால் மணிக்கு ஏற்றும் ஆட்கள் குறைவு என்றுள்ள ரைடில். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 24 பேர் உட்காரும் ரயில் 90 நொடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 40 முறை, 960 பேர். முன்னால் 480 பேர் நின்றால் அரை மணி நேரத்தில் உங்கள் முறை. நான்கு பேர் உட்காரும் பெட்டி 30 நொடிக்கு ஒன்று கிளம்பும் ரைடில் மணிக்கு 480 பேர்தான். அதே நீள வரிசைக்கு ஒரு மணி நேரம். வரிசையின் நீளத்தைப் பார்த்து ஏமாறாமல், எத்தனை நொடிக்கு ஒருமுறை எத்தனை பேர் போகிறார்கள் என்று பாருங்கள். மடங்கி மடங்கிப் போகும் வரிசை என்றால் ஒரு மடிப்பில் உள்ள தலைகளை எண்ணி மடிப்புகளால் பெருக்கினால் போதும்.

இந்தக் கணக்கு நடுவில் கெடுவதற்கும் காரணம் உண்டு. ரோலர் கோஸ்டர் தண்டவாளம் பல துண்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். மோதல் நடக்காமல் காப்பது இந்த ஏற்பாடுதான். நிலையத்தில் நிற்கும் ரயில் கிளம்பத் தாமதமானால், சுற்றி முடித்த ரயில் வெளியே பிரேக்கில் காத்து நிற்கும். ஒருவர் பையை எங்கே வைப்பது என்று தடுமாறி 30 நொடி போக்கினால், 90 நொடி 120 ஆகும். எல்லா முறையும் அப்படியே நடந்தால் மணிக்கு 960 பேர் 720 ஆவார்கள். 30 நிமிடக் காத்திருப்பு 40 ஆகும். கையில் ஒன்றுமில்லாமல், கண்ணாடிக்குக் கயிறு கட்டி, தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஏறுங்கள். பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் செய்யும் உதவி அது.

ஏற்றத்தின் நடுவில் ரயில் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு சென்சார் சந்தேகப்பட்டு நிறுத்தியிருக்கும். நிறுத்துவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. தடுப்புக் கம்பியை நீங்களாக விடுவிக்க முயலாதீர்கள். இறக்க வேண்டியிருந்தால் ஊழியர்கள் பக்கவாட்டுப் படிக்கட்டு வழியாக அழைத்துப் போவார்கள்.

11 மணியிலிருந்து 4 மணிவரை வரிசைகள் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தை நிகழ்ச்சிகளுக்கும் சாப்பாட்டுக்கும் நிழலுக்கும் விட்டுவிடுங்கள். சாப்பாட்டை 12 மணிக்கு முன்னால் முடிப்பது நல்லது, இல்லாவிட்டால் அங்கேயும் வரிசைதான். தனியாக ஏறுபவர்களுக்கென்று சில ரைடுகளில் தனி வரிசை உண்டு. சேர்ந்து உட்கார வேண்டும் என்ற ஆசையை விட்டால் நிறைய நேரம் மிச்சம். சிறு குழந்தையோடு வந்த பெற்றோர் ஒருவர் ஏற, மற்றவர் குழந்தையோடு நின்று, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமலே மாற்றி ஏறும் வசதியும் பல இடங்களில் உண்டு. ஊழியரிடம் கேட்டால்தான் சொல்வார்கள்.

இடி இடித்தால் திறந்தவெளி ரைடுகள் எல்லாம் நிற்கும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருப்பது பரவலாகச் சொல்லப்படும் பாதுகாப்பு வழக்கம். பலத்த காற்றிலும் உயரமான ரைடுகளை நிறுத்துவார்கள். கூட்டம் வாசலை நோக்கிப் போகும்போது நீங்கள் கூரை உள்ள இடத்தில் பொறுமையாக உட்காருங்கள். மழை விட்டதும் வரும் முதல் ஒரு மணி நேரம், காலை நேரத்துக்குச் சமம். கடைசி ஒரு மணி நேரமும் அப்படித்தான். மூடும் நேரத்துக்குள் வரிசையில் நுழைந்துவிட்டவர்களைப் பல பூங்காக்கள் ஏற்றிவிட்டே அனுப்புகின்றன.

உடம்பு என்ன சொல்கிறது

தலைசுற்றலுக்குக் காரணம், கண் சொல்வதும் உட்காது சொல்வதும் ஒத்துப்போகாததுதான். ஆகவே நேராகப் பாயும் ரோலர் கோஸ்டரைவிட, ஒரே இடத்தில் சுழலும் ராட்டினங்கள் பலருக்கு அதிகமாகக் குமட்டும். சுழல்பவற்றை அடுத்தடுத்து ஏறாதீர்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. லேசாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏறுங்கள். ரைடில் கண்ணை மூடாமல் முன்னால் போகும் பாதையைப் பாருங்கள், தலையைப் பின் திண்டில் அழுத்தி வையுங்கள். குமட்டலுக்குப் போடும் மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவழைப்பவை. தங்குமிடம் வரை வண்டி ஓட்ட வேண்டியவர் அவற்றைப் போடக் கூடாது.

முன் வரிசையா, பின் வரிசையா என்று கேட்பவர்களுக்கு: முன்னால் காட்சி நன்றாக இருக்கும். பின்னால் இருப்பவர்களை, ஏற்கெனவே இறங்கத் தொடங்கிய முன் பெட்டிகள் உச்சியைத் தாண்டி வேகமாக இழுக்கும். இருக்கையை விட்டு எழும்பும் உணர்வு அங்கேதான் அதிகம். முதல்முறை ஏறுபவர் நடுவில் உட்காரலாம். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், கழுத்து முதுகு வலி உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் வாசல் பலகையைப் படித்து அதன்படி நடக்க வேண்டும்.

தண்ணீர் ரைடைக் கடைசியில் வையுங்கள். ஈரச் செருப்போடு நாலைந்து கி.மீ. நடந்தால் கால் கொப்புளித்து, மறுநாள் நடை போச்சு. சன்ஸ்க்ரீனை 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும் நனைந்த பிறகும் மறுபடி பூச வேண்டும். கடைசி ரைடுக்குப் பின் அரை மணி நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, தலை நிலைக்கு வந்தபின் சாவியை எடுங்கள். அதற்குள் பார்க்கிங்கில் முண்டியடிக்கும் கூட்டமும் கலைந்திருக்கும்.

தெருக்களுக்கான காலை

எந்தத் தெருக்களில் நடப்பது? வரைபடத்தை விரித்தால் ஊரே சொல்லும். கோணல்மாணலாக நெருக்கமாக ஓடும் தெருக்கள் பெரும்பாலும் பழைய ஊர். கட்டம் போட்டது போல இருப்பவை திட்டமிட்டுக் கட்டியவை. பழைய ரயில் நிலையம், சந்தை, ஆற்றங்கரை, துறைமுகம் இவற்றில் ஒன்றையாவது தொடும்படி 3 அல்லது 4 கி.மீ. வட்டம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஒரு கி.மீ. நடக்க 12 முதல் 15 நிமிடம். நின்று பார்த்து நடந்தால் 25 நிமிடமாவது ஆகும். வட்டத்தைப் பெரிதாக்காதீர்கள். வரைபடத்தை முந்தின இரவே போனில் இறக்கி வையுங்கள்.

வண்டி நிறுத்தும்போது பலகையின் கடைசி வரிவரை படியுங்கள். குடியிருப்போருக்கு மட்டும் என்ற அனுமதிப் பகுதி, தெரு கூட்டும் நாள், சந்தை கூடும் நாள் என்று நிபந்தனைகள் கீழேதான் சின்ன எழுத்தில் இருக்கும். வண்டியை இழுத்துப் போனால் பயணத்தில் அரை நாள் காலி. பைகளை டிக்கிக்கு மாற்றுவதாக இருந்தால் தங்குமிடத்திலேயே மாற்றிவிட்டு வாருங்கள். நிறுத்தும் இடத்தில் மாற்றினால், உள்ளே சாமான் இருக்கிறது என்று தெருவுக்கே சொன்னது போலாகும். இருக்கையில் சார்ஜர் ஒயர்கூடத் தெரிய வேண்டாம். யார் வீட்டு வாசல் கேட்டையும் மறிக்காதீர்கள்.

முதல் 20 நிமிடம் நடக்காமல் ஓரிடத்தில் உட்காருங்கள். பஸ் நிறுத்தமோ டீக்கடையோ சிறு பூங்காவோ எதுவானாலும் சரி. யார் வேலைக்குப் போகிறார்கள், எந்தப் பக்கம் போகிறார்கள், எந்தக் கடையில் கூட்டம் என்பதைப் பார்த்தாலே எந்தத் தெருவில் நுழைவது என்று தெரிந்துவிடும். பிறகு பிரதான சாலைக்கு ஒரு தெரு உள்ளே தள்ளி, அதற்கு இணையாக நடங்கள். தச்சுப் பட்டறையும், சலவைக் கடையும், செருப்பு தைப்பவரும் இருப்பது அங்கேதான். பிரதான சாலையின் வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே போங்கள். உப்பு, தோல், நெசவு, படகு என்று பழைய தொழில்கள் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கும் இடங்கள் நிறைய உண்டு.

உள்ளூர்க்காரர்களிடம் 'இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது' என்று கேட்டால் சுற்றுலாப் பலகையில் உள்ளதையே சொல்வார்கள். 'வேலை நாளில் நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்', 'இந்தக் கட்டிடம் முன்னால் என்னவாக இருந்தது' என்று குறிப்பாகக் கேளுங்கள். கடை திறக்கும் பரபரப்பு அடங்கிய பிறகு கேட்டால் நிதானமாகப் பேசுவார்கள். பூங்காவில் பெரும்பாலானவற்றைப் போட்டோ எடுக்கலாம், அவை பார்ப்பதற்காக வைத்தவை. தெருவில் அப்படியில்லை. வீட்டு ஜன்னல், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வழிபாட்டில் இருப்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். ஆட்களை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

கால் வலிக்கிறது, ஆனாலும் ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. உள்ளூர் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்புங்கள். பணக்காரத் தெரு, ஆஸ்பத்திரி, பஸ் பணிமனை, புதிதாக முளைத்த அடுக்குமாடிகள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் வரிசையாக வந்து போகும். முதலில் கடைசி பஸ் நேரத்தையும் திரும்பும் தடத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில தடங்கள் போகும்போது ஒரு தெருவிலும் வரும்போது வேறு தெருவிலும் ஓடும்.

10 மணிக்கு வண்டிக்குத் திரும்பியதும் நான்கு டயரையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், பழைய தெருக்களின் கல்விளிம்பில் உரசியிருக்கலாம். பாட்டில்களில் தண்ணீர் நிரப்புங்கள். முந்தின நாளின் ஈரத்துணி டிக்கிக்குள் பையோடு கிடந்தால் அதைப் பிரித்துப் பின் இருக்கையில் விரித்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.